நடுவில் வரைந்தவள் – 9

அட்டைப் போட்டிக்கு நடுவராக வரச் சொல்லி விளையாட்டு அட்டைக் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது பெரியவளுக்குத் தலைகால் புரியாமல் போனதையும், அந்தச் சந்தோஷம் போனை வைப்பதற்குள் புஸ்ஸென்று இறங்கிப்போனதையும் சென்ற வாரம் பார்த்தோம். "உங்க தங்கச்சிதான் மேடம் உங்க பேரைச் சொன்னாங்க" என்று பேசியவர் உளறி வைத்துவிட்டார்.

"எனக்குப் பிச்சை போடறா" என்று அன்று முழுக்கப் புலம்பித் தீர்த்தாள். ஆனால் வேண்டாம் என்று சொல்ல மட்டும் மனம் வரவில்லை. இதோ சனிக்கிழமை காலை, கண்ணாடி முன்னால் நின்று மூன்றாவது சட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

"முதல்ல போட்டதே நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் கணவர். லிஃப்ட் மெக்கானிக். கருவிப் பெட்டியோடு வேலைக்குக் கிளம்பி நின்றிருந்தார்.

"அதுல ஜூஸ் டப்பாவுக்கு ஆரஞ்சு வரையறவ மாதிரி இருக்கேன்."

"நீ ஜூஸ் டப்பாவுக்கு ஆரஞ்சு வரையறவதானே?"

கண்ணாடிக்குள்ளிருந்தே அவள் பார்த்த பார்வையில் மனிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நழுவிவிட்டார். எந்த லிஃப்ட் எப்போது மக்கர் பண்ணும் என்று முன்கூட்டியே சொல்லும் ஆளுக்கு இது தெரியாதா என்ன?

அவர் சொன்னதில் பொய் இல்லை. பழச்சாற்று டப்பாக்களில் பளபளக்கும் ஆரஞ்சும் திராட்சையும் அன்னாசியும் இவள் கைவண்ணம்தான். முதலாளி தங்கமான மனிதர், சம்பளம் ஒழுங்காக வருகிறது, குறை என்று எதுவுமில்லை. ஆரஞ்சைப் பார்த்து 'இது யார் வரைந்தது?' என்று மட்டும் இதுவரை எவரும் கேட்டதில்லை.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்கிறவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். அக்காவும் தங்கையும் ஒரே அனிமேஷன் ஸ்டுடியோவில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கையால் வரையும் படத்தில் ஓர் அசைவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று இரண்டு படங்களை ஒருவர் வரைவார். அதற்குக் கீ என்று பெயர். இரண்டுக்கும் நடுவில் வரும் படங்களை எல்லாம் இன்னொருவர் வரைந்து நிரப்புவார். அவை நடுப்படங்கள்.

நரி ஒன்று கையில் விளக்கோடு வழி தவறியவர்களைத் தேடிப்போகும் கதை. எல்லோரும் செல்லமாக 'நரிப்படம்' என்பார்கள். அதில் நரிக்குக் கீ வரைந்தவள் தங்கை. நடுப்படம் வரைந்தவள் அக்கா. படம் ஓடோ ஓடென்று ஓடியது. தன் ஆட்களைத் தானே தேர்ந்தெடுக்கும் இடத்துக்குத் தங்கை உயர்ந்தாள். இரண்டாவது படத்துக்கு அவள் தேர்ந்தெடுத்தவர்களில் அக்கா இல்லை.

ஏன் என்று இவளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுகிறார்கள், காய்ச்சல் என்றால் ஓடிப்போய் உட்கார்ந்துகொள்கிறார்கள், அந்த ஒரு கேள்வி மட்டும் அப்படியே கிடக்கிறது. என் கை போதவில்லையா? பெரியவளுக்கு இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். 'ஆமாம், போதவில்லை' என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது.

போதாக்குறைக்கு மகள் வேறு.

"அம்மா, இன்னைக்காவது சொல்லு. போகவா, வேணாமா?"

ஆள் சிறிய உருவம் என்பதால் வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பெயர். படிப்பு முடிந்த கையோடு சித்தியின் ஸ்டுடியோவில் நடுப்படப் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

"சாயங்காலம் சொல்றேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னே."

"அது நேத்து சாயங்காலம்."

"வேணாம்னா ஒரு காரணம் சொல்லும்மா, கேட்டுக்கறேன். சும்மா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா நான் என்னன்னு புரிஞ்சுக்கறது?"

காரணம் என்று எதைச் சொல்வது? சித்தி இப்படி வரைவாங்க, சித்தி அப்படிச் சொல்வாங்க என்று காலையில் பல் தேய்க்கும்போதே சித்தி புராணம் ஆரம்பித்துவிடுகிறது. பெற்ற பெண்ணையும் தங்கையிடம் தூக்கிக் கொடுக்க வயிறு எரிகிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? பெரியவள் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். கடைசியில் போட்டிருந்தது முதல் சட்டையைத்தான்.

*

அட்டைக் கம்பெனியின் மாடி அறையில் நீள மேஜை போட்டு, அதன் மேல் அட்டைகளைப் பிளாஸ்டிக் உறைகளில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். அனிமேஷன் படங்களின் ரசிகர்கள் தாங்களே வடிவமைத்து அனுப்பிய விளையாட்டு அட்டைகள். முதல் பரிசு பெறுவது கம்பெனியின் அடுத்த பாக்கெட்டில் அச்சாகிக் கடைக்கு வரும். அடியில் வரைந்தவர் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். நடுவர்களுக்குப் பெயர் தெரியாது, அட்டையின் முதுகில் ஒட்டிய எண் மட்டும்தான். நிபந்தனைகளில் முக்கியமானது ஒன்று: படத்தை ஓர் இடத்தில் நிறுத்திவைத்து, அதன் மேல் தாளை வைத்துக் கோடு கோடாக எடுத்த நகலாக இருக்கக் கூடாது.

பெரியவளும் தங்கையும் போக, மூன்றாவது நடுவர் அந்த விளையாட்டுக்கு விதிகளை எழுதுகிறவர். ஒல்லியாக, எதைப் பார்த்தாலும் ஆச்சரியப்படுகிற மனிதர். "படத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அதை நீங்க ரெண்டு பேரும் பார்த்துக்குங்க. அட்டையில இருக்கற எழுத்து, அதான் விதி, விளையாடற மாதிரி இருக்கான்னு நான் பார்க்கறேன்," என்று ஆரம்பத்திலேயே சரணடைந்துவிட்டார்.

தங்கை இரண்டு டீயோடு வந்தாள். "அக்கா, உனக்குச் சர்க்கரை கம்மி."

ஞாபகம் வைத்துக்கொண்டு செய்கிறாளே என்று எவருக்கும் மனம் குளிரும். பெரியவளுக்கு அதுவும் எரிந்தது. நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே!

வேலை ஆரம்பித்தது. தபால் கொண்டுபோகும் திமிங்கிலம், அழுகிற துவைக்கும் இயந்திரம், குடைக்குள் குடியிருக்கும் பேய்க்குடும்பம் என்று எத்தனையோ படங்களிலிருந்து அட்டைகள் வந்திருந்தன. ஓர் அட்டையில் ஓரமே விடாமல் யானையை வரைந்திருந்தார் ஒரு புண்ணியவான்.

"வெட்டும்போது ரெண்டு காதும் போயிடும்," என்றாள் பெரியவள்.

"தும்பிக்கையும் சேர்ந்து," என்றாள் தங்கை. இருவரும் சிரித்தார்கள். வேலை என்று வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் கண் ஒரே இடத்துக்குத்தான் போகும்.

"இதைக் கேளுங்க," என்றார் விதிக்காரர். "'இந்த அட்டை கையில் வந்தவுடன் ஆட்டம் முடிந்தது, நீங்களே ஜெயித்தீர்கள்.' அப்புறம் எதுக்குய்யா மத்த அட்டை?"

ஆனால் மேஜையில் பாதிக்கு மேல் நரிதான். அதுவும் ஒரே நரி. கூரை உச்சியில் நின்று விளக்கை ஓங்கித் தூக்குகிற நரி. தங்கத்தில் தூக்கியது, வெள்ளியில் தூக்கியது, மழையில் தூக்கியது, ஒருவர் பொத்தான்களை ஒட்டியே நரியைத் தூக்க வைத்திருந்தார். எல்லாமே தங்கையின் கீ படத்தை மனதில் வைத்துக்கொண்டு வரைந்தவை.

"இத்தனை பேர் மனசுல நிக்குதே உங்க படம்," என்று விதிக்காரர் வாயைப் பிளந்தார்.

"அப்படியெல்லாம் இல்லீங்க. கூட்டு முயற்சிதான்," என்றாள் தங்கை.

கூட்டாம், முயற்சியாம். பெரியவள் டீயை மடக்கென்று குடித்தாள். ஒவ்வொரு நரியாகப் பார்த்து, மதிப்பெண் போட்டு, நகர்த்தி வைத்தாள். நியாயமாகத்தான் போட்டாள். ஆனால் எந்த நரியிலாவது கால் கோணலாக இருந்தால் அவளுக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்ததை மறைப்பானேன்?

மூன்றாவது வரிசையின் கடைசியில் அந்த அட்டை இருந்தது.

நரி விளக்கைத் தூக்கவில்லை. கை இன்னும் இடுப்பருகில்தான் இருக்கிறது. கழுத்து லேசாக ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. கண் பாதி மூடியிருக்கிறது. விளக்கைத் தூக்கினால் நரி இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்துவிடும், தூக்காவிட்டால் தொலைந்தவர்கள் தொலைந்தவர்கள்தான். இரண்டுக்கும் நடுவே திகைத்து நிற்கிறது. நீலமும் சாம்பலுமாக நிலா வெளிச்சம் அடித்து அழகாக வண்ணம் தீட்டியிருந்தார்கள்.

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது அவள் வரைந்தது.

சந்தேகமே இல்லை. பூதக்கண்ணாடியை எடுத்து, உடம்புக்குப் பின்னால் மடங்கியிருந்த வாலைப் பார்த்தாள். நரியின் வாலில் மூன்று வளையங்கள் இருக்க வேண்டும். அதில் இருந்தது இரண்டு. அப்போதைய வேலை நெருக்கடியில் ஒரு வளையத்தை விட்டுவிட்டாள். கேமராவுக்குப் போன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. எவரிடமும் மூச்சுவிடவில்லை. ஒரு விநாடிக்குள் இருபத்து நான்கு படங்கள் ஓடுகின்றன, அதில் ஒன்றில் வளையம் குறைந்தது எவருக்குத் தெரியப்போகிறது என்று சமாதானம் செய்துகொண்டாள். யாரோ ஒரு ரசிகர் அந்த ஒன்றில் படத்தை நிறுத்தி, அதன் மேல் தாளை வைத்து, தப்பையும் சேர்த்து எடுத்திருக்கிறார்.

நகல். நிபந்தனைப்படி உடனே தள்ளிவிட வேண்டியது.

அவள் வாயைத் திறக்கவில்லை. இத்தனை பேரும் தங்கையின் நரியிடம் போய் நின்றபோது ஒரே ஒரு ஆள் இவளிடம் வந்து நின்றிருக்கிறார். அதையும் இவளே தள்ளிவிடுவதா? அச்சானால் அடியில் வேறு எவருடைய பெயரோ இருக்கும். அந்தப் பெயர் தெரியாத ஆள் மீதும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். நரியாவது வெளியே வரட்டும்.

அட்டையை விதிக்காரர் பக்கம் நகர்த்தினாள்.

"அடடா," என்றார் அவர், உறையோடு கையில் தூக்கிக்கொண்டு. "எனக்குப் படம் தெரியாது. ஆனா இதைக் கீழ வைக்க மனசே வரலீங்க. மேடம், நீங்க பாருங்க."

தங்கை இருந்த இடத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்தாள். "சுமார்தான்."

"சுமாரா?" என்றாள் பெரியவள்.

"கண்ணு பாதி மூடியிருக்குக்கா. அட்டையில முகம் பளிச்சுன்னு தெரியணும்."

"மூடியிருக்கறதாலதான் நல்லாயிருக்கு. தூக்கலாமா வேணாமான்னு அது யோசிக்கறது தெரியுது."

"அதேதாங்க! அதைத்தான் சொல்ல வந்தேன், வார்த்தை வரல," என்றார் விதிக்காரர்.

"விளக்கே சரியாத் தெரியல."

"இனிமேதானே தூக்கப்போகுது."

"நிறம் மங்கல்."

"நிலா வெளிச்சத்துல வேற எப்படி இருக்கும்?"

தங்கை ஒருபோதும் இப்படிச் சப்பைக்கட்டுக் கட்டிப் பேசுகிறவள் அல்ல. அவள் முகம் சிவந்துபோயிருந்தது. "எழுத்து எப்படி இருக்கு?" என்று விதிக்காரரிடம் ஆதரவு தேடினாள்.

"எழுத்துதாங்க இதுல உசத்தி. 'இதை வைத்திருப்பவர் ஒரே ஒரு முறை தன் ஆட்டத்தைத் தள்ளிப்போடலாம்.' படத்துக்கும் விதிக்கும் என்ன பொருத்தம் பாருங்க. எங்க ஆட்டத்துல இப்படி ஒண்ணு இல்லவே இல்ல. நான் இதுக்குத்தான் முதல் இடம் தருவேன்."

"நானும்," என்றாள் பெரியவள்.

"வால்ல ரெண்டு வளையம்தான் இருக்கு!" தங்கையின் குரல் உயர்ந்துவிட்டது. "நரிக்கு மூணு. கவனமில்லாம வரைஞ்சதுக்கு முதல் பரிசா?"

விதிக்காரர் அட்டையை ஜன்னல் பக்கம் திருப்பினார். கண்ணருகே கொண்டுபோனார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"அட, ஆமா. ரெண்டுதான். கையில வெச்சிருந்தும் எனக்குத் தெரியலீங்க. வாலு பின்னாடி மடங்கி இருட்டுல கிடக்கு. நீங்க அங்கிருந்தே எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை மேஜையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"கொஞ்சம் வெளிய போயிட்டு வரோம்," என்றாள் பெரியவள்.

*

நடையின் கோடியில் காலி அட்டைப்பெட்டிகளைக் கூரைவரை அடுக்கியிருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு ஜன்னல். இருவரும் அங்கே போய் நின்றார்கள்.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்றாள் பெரியவள்.

"எது?"

"மழுப்பாதே சின்னு. வளையம்." தங்கையைச் சின்ன வயதிலிருந்தே அவள் கூப்பிடும் பெயர் அது.

தங்கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்பவே தெரியும். உன் படங்களைச் சரிபார்த்தது நான்தானே."

"பார்த்துட்டுத் திருப்பி அனுப்பல?"

"அனுப்பினா நீ மறுபடி வரைவே. அந்தக் கண்ணு மறுபடி அப்படி வருமான்னு எனக்குத் தெரியல. அதனால விட்டுட்டேன்."

கீழே தெருவில் ஒரு லாரி பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. அது நிற்கும்வரை பெரியவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு நல்லா இருந்துச்சுன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

"குறைஞ்சுதான் போயிருப்பேன்," என்றாள் தங்கை. "முன்னாடி ஒண்ணு நான் வரைஞ்சேன், பின்னாடி ஒண்ணு நான் வரைஞ்சேன். நீ ரெண்டையும் சேர்த்துவிட்டா போதும். நீ என்னடான்னா நடுவுல அதைக் கொண்டுவந்து வெச்சே. அதுக்கப்புறம் என்னோட ரெண்டும் வெறும் பொம்மையாப் போச்சு. தியேட்டர்ல எல்லாரும் அந்த இடத்துல அழுதாங்க. நான் தூக்கின விளக்கைப் பார்த்து அழறதா நினைச்சுக்கிட்டாங்க. எதைப் பார்த்து அழறாங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. அதனாலதான்..."

"அதனாலதான்?"

"அதனாலதான் அடுத்த படத்துக்கு உன்னைக் கூப்பிடல."

பெரியவளுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. உச்சி குளிர்ந்தது. இந்த வயதில், இந்த இடத்தில், காலி அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு சிரித்துவிடுவோமோ என்றுகூடப் பயந்தாள். கை போதும். எப்போதும் போதுமாகத்தான் இருந்திருக்கிறது. ஊரே கொண்டாடுகிறவள் இவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள்.

அந்த இனிப்பு தொண்டை தாண்டுவதற்குள் மற்றதும் உறைத்தது.

"நான் ஆரஞ்சு வரைஞ்சுக்கிட்டு இருந்தேன்டி."

"தெரியும்."

"எனக்கு வரையவே வராதுன்னு நினைச்சுக்கிட்டு ஆரஞ்சு வரைஞ்சேன்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுக்கிட்டேதான் என் வீட்டுக்கு வந்தே. என் கையால வாங்கிச் சாப்பிட்டே. இப்ப என் பேரைச் சொல்லி இங்க வரவெச்சது எதுக்கு? கணக்குத் தீர்க்கவா?"

"ஏதாவது ஒண்ணு செய்யணும்னு தோணிக்கிட்டே இருந்துச்சு."

"செய்யணும்னு தோணினவ அட்டையை ஏன் தள்ளினே? பேசாம இருந்திருந்தா அதுவே ஜெயிச்சிருக்குமே!"

தங்கை புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதைப் பார்த்ததும் மறுபடி அதே எரிச்சல் வந்துடுச்சு. இத்தனை வருஷத்துல போயிருக்கும்னு நினைச்சேன். போகல."

பெரியவளுக்கு அவளை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் திரும்பி நடந்தாள். எரிச்சல் என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தன் எரிச்சலால் எவருடைய வேலையும் போகவில்லையே!

*

விதிக்காரர் அட்டையை முதல் இடத்தில் வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். பெரியவள் உட்காரவில்லை.

"இதை எடுத்துடுங்க. இது நகல்."

"நகலா? எதுலேர்ந்து?"

"நரிப்படத்துலேர்ந்துதான். விளக்கைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு துளி நேரம் வரும். நிறுத்தி நிறுத்திப் பாருங்க."

விதிக்காரர் மடிக்கணினியில் படத்தை எடுத்தார். ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போனார். நரி நின்றது, கழுத்தைச் சாய்த்தது, கண் இறங்கியது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது. அட்டையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். கோட்டுக்குக் கோடு அதே நரி, வாலில் அதே இரண்டு வளையங்கள்.

"இதை இத்தனை தடவை பார்த்திருக்கேன், இந்த இடத்தைக் கவனிச்சதே இல்லையே," என்றார். "யாரு வரைஞ்சது? நீங்களா மேடம்?"

அவர் கேட்டது தங்கையைப் பார்த்து. வாசலில் நின்றிருந்த தங்கை இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"நான்," என்றாள் பெரியவள்.

இந்த ஒரு சொல்லை அவள் இதற்கு முன் எவரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்?"

"சொன்னா போயிடுமே."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நல்ல மனிதர். உறையை எடுத்துத் தள்ளுபடி செய்த அட்டைகளோடு வைக்கப் போனவர், மனசு கேட்காமல் தனியாக ஓர் ஓரத்தில் வைத்தார். "அனுப்பினவருக்குக் காரணம் எழுதணும். நகல்னு மட்டும் போட்டுடவா?"

"நிறுத்தின இடம் ரொம்பச் சரின்னு எழுதுங்க," என்றாள் பெரியவள். "விதியும் அவரே எழுதினதுதானே, அது பிரமாதம்னு எழுதுங்க. அடுத்த தடவை நரியையும் அவரே வரையணும்."

கடைசியில் முதல் பரிசு துவைக்கும் இயந்திரத்துக்குப் போனது. அதன் கண்ணீர் சோப்பு நுரையாக வழிவதில் எவருக்கும் ஆட்சேபம் இல்லை.

*

படிக்கட்டில் தங்கை பின்னாலேயே வந்தாள்.

"மன்னிச்சுடுன்னு கேட்கற யோக்கியதை எனக்கு இல்லக்கா."

"இல்லதான்."

"என்ன செய்யணும்னு சொல்லு. புதுப் படத்துல உனக்கு..."

"எனக்கு ஒண்ணும் வேணாம்." பெரியவள் படியில் நின்றாள். கோபம் கோபமாகப் பேசிக்கொண்டே போயிருப்பாள். ஆனால் வேறொன்று அவளுக்குப் பொறி தட்டியது. திரும்பித் தங்கையை நேருக்கு நேர் பார்த்தாள்.

"சிட்டு வரைஞ்சதை எல்லாம் பார்த்துட்டுத்தானே வேலைக்கு எடுத்தே?"

"ஆமா."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"எவ்வளவு நல்லா?"

தங்கை படிக்கட்டின் கைப்பிடியைத் தடவினாள்.

"அவ கூடப் படிச்ச ஒரு நெட்டைப் பையனுக்கு நீ கீ பிரிவு கொடுத்திருக்கேன்னு சிட்டுவே சொன்னா. பெருமையாத்தான் சொன்னா, சித்தி ரொம்ப நியாயமானவங்கன்னு. அவன் வரைஞ்சதையும் நான் பார்த்திருக்கேன் சின்னு. என் பொண்ணு கீ வரைய லாயக்கில்லையா?"

"லாயக்குதான்."

"அப்புறம் ஏன் நடுப்படத்துல போட்டே?"

அதே எரிச்சல்தான் என்று பெரியவளுக்குப் புரிந்தது. தங்கையின் கண்கள் நிரம்பிக்கொண்டு வந்தன. அழட்டும் என்று பெரியவள் காத்திருந்தாள். காலையிலிருந்து மகளிடம் சொல்ல ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது கைநிறையக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அதைப் போய் அந்தக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

பைக்குள் போன் அடித்தது. சிட்டுதான்.

பெரியவள் போனை வெளியே எடுத்து, அது அடிக்க அடிக்கத் தங்கையின் முன்னால் நீட்டினாள்.

"நான் வேணாம்னு சொன்னா அம்மாவுக்குப் பொறாமைன்னு நினைப்பா. அதுல தப்பும் இல்ல. நீயே சொல்லு. அவளை எந்த இடத்துல உட்காரவெச்சிருக்கே, எதுக்காக உட்காரவெச்சிருக்கேன்னு உன் வாயாலயே சொல்லு. வரணுமா வேணாமான்னு அப்புறம் அவ முடிவு பண்ணட்டும்."

"அக்கா, வேணாம். அவ என்னைப் பத்தி என்ன நினைப்பா?"

"எடு."

தங்கை போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"அம்மா, சாயங்காலம் ஆயிடுச்சு," என்றது சிட்டுவின் குரல். "போகவா, வேணாமா?"